ஆறு பேருக்கு ஒரு வீடு

அந்த அநாதை இல்லத்துப் பிள்ளைகள் அவளை 'பை அத்தை' என்றுதான் கூப்பிடுவார்கள். தோளில் எப்போதும் ஒரு பெரிய துணிப்பை தொங்கும். உள்ளே மாற்று உடுப்பு, பிஸ்கட், ஈரத்துணி, வழியில் வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பாலித்தீன் உறை. தத்துக் கொடுக்கிற பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் புது வீட்டில் விடுவது அவள் வேலை. அதற்கு முன்னால் அந்த வீட்டைத் தேடிப் பிடிப்பதும், அங்கே இருப்பவர்கள் பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்கிற ரகமா என்று நாலு தடவை போய் உட்கார்ந்து பேசி எடைபோடுவதும் அவள் வேலைதான்.

"நீ செய்யறது தரகு வேலைடி. ஒரே வித்தியாசம், ஜாதகம் பார்க்கிறதில்லை" என்பாள் அண்ணி.

அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு அவளும் அண்ணியும் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். அண்ணிக்குத் துணி ஆலையில் வேலை. இவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வீடு பார்த்து முடியட்டும், அப்புறம் எனக்குப் பார்க்கலாம்" என்று சிரித்து மழுப்பிவிடுவாள். வேலையில் கெட்டிக்காரி. அவள் சேர்த்துவைத்த குடும்பங்களில் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டவர்கள் கிடையாது. அந்தப் பெருமை அவளுக்கு உள்ளூர உண்டு.

ஒருநாள் இல்லத்துத் தலைவி அவளை அறைக்குக் கூப்பிட்டாள். "ஆறு பிள்ளைங்க. அப்பா போன வருஷம் கட்டட வேலையில சாரம் சரிஞ்சு போயிட்டான். இப்ப அம்மாவும் காய்ச்சல்ல போயிட்டா. பெரிய பொண்ணு கதவை உள்ளே தாழ் போட்டுட்டுத் திறக்க மாட்டேங்குதாம். உன்னாலதான் ஆகும், போய்ப் பாரு."

அது ஒரு பழைய அடுக்குமாடியின் மூன்றாவது மாடி. படிக்கட்டில் சொந்தக்காரர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். சித்தப்பாவுக்கு இரட்டைப் பையன்கள் போதுமாம், அவருடைய பட்டறையில் எடுபிடிக்கு ஆகும். அத்தைக்குக் கைக்குழந்தை வேண்டுமாம். இன்னொருத்தி, நடுவில் இருக்கும் பெண்ணைக் கொடுத்தால் வீட்டோடு வைத்துக்கொள்கிறேன் என்றாள். இரண்டு நாளைக்கு முன்னால்தான் அடக்கம் முடிந்திருந்தது. அதற்குள் பங்கு பிரித்தாகிவிட்டது. அந்தப் பேச்சு காதில் விழுந்ததுமே பெரியவள் தாழ்ப்பாளைப் போட்டிருக்கிறாள்.

பை அத்தை அவர்களையெல்லாம் கீழே அனுப்பிவிட்டுக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே குழந்தை சிணுங்குவது கேட்டது.

"யாரு வெளியே?"

"பிள்ளைங்களுக்கு வீடு தேடிக் குடுக்கிறவ."

"எங்களுக்கு வீடு இருக்கு."

"இருக்கு, இல்லைன்னு சொல்லலை. சாப்பிட்டீங்களா?"

"பொடிசு சாப்பிட்டுச்சு."

"மத்தவங்க?"

"நீங்களும் எங்களைப் பிரிக்கத்தானே வந்திருக்கீங்க?"

"இல்லைம்மா. பிரிக்க மாட்டேன்."

"சத்தியமா?"

இத்தனை வருஷ வேலையில் எந்தப் பிள்ளைக்கும் அவள் சொல்லாத வார்த்தை அது. சொல்லக்கூடாது என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பாள். ஆனால் உள்ளே இருந்து வந்த குரல் அழவில்லை, கெஞ்சவில்லை. கடைக்காரனிடம் விலை கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டது. அது அவளை ஏதோ செய்துவிட்டது.

"சத்தியமா" என்றாள்.

தாழ்ப்பாள் விலகியது. இடுப்பில் ஒரு வயசுக் குழந்தையோடு பன்னிரண்டு வயசுப் பெண் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒன்பது வயசில் அச்சு அசலாக இரண்டு பையன்கள். அவர்களுக்கும் பின்னால் ஏழு வயசில் ஒரு பெண், கதவு திறந்ததும் திறக்காததுமாக, "பிஸ்கட் இருக்கா உங்க பையில?" என்று கேட்டவள். பிறகு அவளுக்கு 'வாயாடி' என்று பெயர் நிலைத்தது. மூலையில் நாலு வயசுப் பையன் ஒருத்தன் நடப்பது எதையும் கண்டுகொள்ளாமல் தலையணையைக் கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தூங்குமூஞ்சி. வீடு துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. துவைத்த துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது, ஆறு பேருக்கும் தனித்தனி அடுக்காக.

இல்லத்துக்கு வந்த பிறகும் பெரியவள் அம்மா வேலையை விடவில்லை. ஆண் பிள்ளைகளுக்குத் தனிக் கூடம் என்றார்கள். காலையில் மணி அடிப்பதற்கு முன்னாலேயே அந்தக் கூடத்து வாசலில் போய் நிற்பாள். இரட்டையர்களின் காதுக்குப் பின்னால் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பள்ளிக்கு விடுவாள். பொடிசு அவளைத் தவிர யார் கையிலும் பால் குடிக்காது.

தத்தெடுக்க வருகிற தம்பதிகள் எல்லோர் கண்ணும் பொடிசு மேலேயே விழுந்தது. சுருட்டை முடி, குண்டுக் கன்னம். "அதுக்கு அக்கா அண்ணன்னு அஞ்சு பேர் இருக்காங்க, சேர்த்துத்தான் குடுப்போம்" என்று பை அத்தை சொன்னதும் முகம் மாறிவிடும். "ஆறா? அப்ப காரை வித்துட்டு பஸ்தான் வாங்கணும்" என்று ஒருவர் சிரித்தார். காய்கறிக் கடையில் பொறுக்குகிற மாதிரி இரட்டையர்களின் முகவாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு பெண்மணி, "இதுல ஒண்ணு மட்டும் கிடைக்காதா?" என்றாள். வாயாடி சும்மா இருப்பாளா? "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம் ஆன்ட்டி!" என்று கத்தினாள். கூடமே சிரித்தது. பெரியவள் சிரிக்கவில்லை.

தலைவி அலுத்துப் போனாள். "ஒண்ணரை வருஷம் ஆச்சு. பொடிசுக்கு வயசு ஏறுது. இப்ப விட்டா அதுக்கும் வீடு கிடைக்காது. ஒருத்திக்குக் குடுத்த வாக்குக்காக மத்த அஞ்சு பேரோட வாழ்க்கையை அடமானம் வைக்கிறியா?"

"இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று பை அத்தை ஒற்றைக்காலில் நின்றாள்.

பார்த்துக்கொண்டே இருந்தபோது வழி இல்லத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தது. கூடத்துக் கட்டில்கள் ஆட்டம் கண்டிருந்தன என்று ஒரு தச்சரை வரச்சொல்லியிருந்தார்கள். வாரம் முழுக்க வந்து வேலை பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். இரட்டையர்கள் அவருக்கு ஆணி எடுத்துக் கொடுத்தார்கள். வாயாடி அவருக்கு ஊர்க்கதை முழுக்கச் சொன்னாள். தூங்குமூஞ்சி அவர் சரிசெய்த கட்டிலில் எல்லாம் ஒருமுறை படுத்துப் பார்த்து, "இது நல்லாருக்கு" என்று தீர்ப்புச் சொன்னான். கடைசி நாள் தச்சர் கருவிகளைத் துடைத்து வைத்துவிட்டு பை அத்தையிடம் வந்து நின்றார்.

"எங்க வீட்ல பட்டறைக்கு மேலே நாலு ரூம் சும்மா கிடக்குது. நாலு தடவை உண்டாகி நாலும் தங்கலை. நேத்து ராத்திரி இவங்களைப் பத்தி வீட்ல சொன்னேன். 'ஆறு பேரா?'ன்னா. 'ஆமா'ன்னேன். 'சரி, கூட்டிட்டு வாங்க'ன்னுட்டா."

பை அத்தைக்குத் தரையில் கால் பாவவில்லை. போய்ப் பார்த்தாள். தச்சரின் மனைவி மேசை நாற்காலிகளுக்கு மெருகு பூசுகிறவள், கலகலப்பான பெண். நகக்கண்ணில் எல்லாம் பழுப்பு நிறம் ஏறியிருந்தது. "இந்தக் கையால பிள்ளைங்களைத் தொடலாமா?" என்று கேட்டு அவளே சிரித்தாள். எட்டுப் பேர் உட்காரும் நீள மேசை ஒன்றைத் தச்சர் செய்து வைத்திருந்தார். இதைவிட நல்ல வீடு கிடைக்காது என்று பை அத்தைக்குத் தோன்றியது. அவள் கணக்குத் தப்பவில்லை. அது உண்மையிலேயே நல்ல வீடுதான்.

பிள்ளைகள் போனார்கள். கோர்ட்டில் முடிவாகப் பதிவதற்கு முன்னால் சில மாதம் சேர்ந்து இருந்து பார்க்க வேண்டும் என்பது முறை. அந்தச் சில மாதமும் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் தச்சரின் மனைவி போன் செய்தாள். "ஒரு நடை வந்துட்டுப் போங்கக்கா" என்றாள். அன்றைக்கே பை அத்தை பஸ் ஏறினாள்.

அடுக்களையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் பேசினாள். "தட்டுல சாப்பாடு வைக்கிறேன். யாரும் கை வைக்கிறதில்லை. எல்லாக் கண்ணும் அவ பக்கம் போகுது. அவ தலையாட்டினாத்தான் சாப்பிடுறாங்க. பொடிசு கீழே விழுந்தா, நான் பக்கத்துல நிக்கிறேன், என்னைத் தாண்டி அவகிட்ட ஓடுது. அவளும் கெட்ட பொண்ணு இல்லைக்கா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை. ஆனா இந்த வீட்ல ஏற்கெனவே ஒரு அம்மா இருக்கா. எனக்கு இடமில்லை."

"நாள் ஆகும். பொறுத்துக்கணும்" என்றாள் பை அத்தை.

"பொறுத்துப் பார்த்துட்டேன். அஞ்சு பேரை என்னால வளர்க்க முடியும், உயிரைக் குடுத்து வளர்ப்பேன். அவளோட சேர்த்து முடியலை. சொல்லவே வெட்கமா இருக்கு. பதிமூணு பதினாலு வயசுப் பொண்ணுகிட்ட பொறாமைப்படுறேன்னு எனக்கே தெரியுது." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பை அத்தை பெரியவளைத் தேடிப் போனாள். அவள் பட்டறைக்குப் பின்னால் மரம் அடுக்கும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"அவங்க அழறாங்க அத்தை. பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழறாங்க. எனக்குத் தெரியும். நான் மாத்திக்குறேன்."

"என்னத்தை மாத்திக்குவ?"

"அம்மாவா இருக்கிறதை."

மாற்றிக்கொள்ளத்தான் பார்த்தாள். சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி குனிந்தே இருந்தாள், யாருக்கும் தலையாட்டவில்லை. பொடிசு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பொடிசு பின்னாலேயே போய்க் கதவை அறைந்து அறைந்து கத்தும். தச்சரின் மனைவி தூக்க வந்தால் அவள் தோளைக் கடிக்கும். உள்ளே பெரியவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மரத்தூளில் உட்கார்ந்திருப்பாள். தச்சர் ஒருநாள் அதைப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, அன்றைக்கு வேலையே ஓடாமல் பட்டறையைப் பூட்டிவிட்டார்.

எதுவும் சரியாகவில்லை, மோசமாகத்தான் போனது. "அம்மாவும் போயிட்டா, நீயும் எங்களை விட்டுட்டியா?" என்று இரட்டையரில் ஒருவன் பெரியவள் முகத்தில் துப்பினான். மறுநாள் அவனைக் காணவில்லை. நாள் முழுக்கத் தேடி, பழைய அடுக்குமாடியின் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் கண்டுபிடித்தார்கள். அந்த வீட்டில் வேறு யாரோ குடிவந்திருந்தார்கள். வாயாடி பேச்சையே குறைத்துவிட்டாள். பெரியவளுக்கோ சாப்பாடு இறங்கவில்லை.

தலைவி சொல்லிவிட்டாள்: ஒன்று, ஐந்து பேர் அங்கே. இல்லாவிட்டால் ஆறு பேரும் இங்கே. இங்கே திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று பை அத்தைக்குத் தெரியும். பொடிசு ஒரு வீட்டுக்கு, இரட்டையர் ஒரு வீட்டுக்கு, மற்றவர்களுக்கு யாரும் வரமாட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் வாயே திறக்கவில்லை. அண்ணி தட்டை முன்னால் தள்ளினாள். "ஒரு வாய் சாப்பிட்டுட்டு யோசி. பட்டினி கிடந்தா மட்டும் புத்தி வந்துடுமா?" இவள் அண்ணியின் மடியில் தலையை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். "நான் சத்தியம் பண்ணிட்டேன் அண்ணி" என்றாள். எல்லாவற்றுக்கும் வேடிக்கையாக ஏதாவது சொல்லுகிற அண்ணி, அன்றைக்குச் சோற்றைப் பிசைந்து அவளுக்கு ஊட்டிவிட்டாள்.

மறுபடி கொட்டகைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அஞ்சு பேரும் சேர்ந்து இருப்பாங்களா?" என்று பெரியவள் கேட்டாள்.

"சேர்ந்துதான்."

"அப்ப சரி."

அவ்வளவுதான். தம்பி தங்கைகளிடம், தூரத்தில் நல்ல பள்ளிக்கூடம் கிடைத்திருக்கிறது, விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள். கிளம்பும் அன்று காலையில் தச்சரின் மனைவியை நீள மேசையில் உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். "தூங்குமூஞ்சிக்குக் காதுவலி வந்தா சொல்ல மாட்டான், தலையணையைக் கடிப்பான். அப்படிக் கடிச்சா காதுல பார்க்கணும். ரெட்டைங்க சண்டை போட்டா பிரிக்காதீங்க, பிரிச்சா ரெண்டு பேரும் சேர்ந்து உங்களோட சண்டைக்கு வருவாங்க. வாயாடி நிறையப் பேசினா நல்லா இருக்கான்னு அர்த்தம். பேசாட்டிதான் கேக்கணும். பொடிசு பயந்தா கட்டைவிரலைப் பிடிச்சுக்கும். விரலை உருவாதீங்க. தூங்கின பிறகும் கொஞ்ச நேரம்..."

"போதும்மா" என்று தச்சரின் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். "போதும்மா, என்னை மன்னிச்சுடு."

"இன்னும் கொஞ்சம்தான் இருக்கு" என்றாள் பெரியவள். மீதியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

பொடிசு தூங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கிளம்பினார்கள். இல்லத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் பெரியவள், பக்கத்தில் பை அத்தை. வெகு தூரம் வந்த பிறகு பை அத்தைக்குப் பொறுக்கவில்லை. "நீ என் வீட்டுக்கே வந்துடறியா? நானும் அண்ணியும்தான். சின்ன இடம்தான், ஆனா..."

"வேணாம் அத்தை. இனிமே என்னை எந்த வீட்லயும் விட்டுப் பார்க்காதீங்க." கோபமே இல்லை அந்தக் குரலில். கொஞ்சம் கழித்து, வெளியே பார்த்தபடியே, "அன்னிக்குக் கதவைத் திறந்திருக்கக் கூடாது" என்றாள்.

மாதம் ஒருமுறை பார்த்துவரலாம் என்று ஏற்பாடு. முதல் இரண்டு தடவையும் பொடிசு பெரியவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு பெரியவளே போக மறுத்துவிட்டாள். "நான் போய்ட்டு வந்தா ஒரு வாரம் அழுவுதாம். எதுக்கு?" கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்துப் பை அத்தை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் நின்றிருந்த பொடிசு அவர்களைப் பார்த்ததும் உள்ளே ஓடி, தச்சரின் மனைவியின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்றது.

தச்சரின் மனைவிக்கு முகம் வெளிறிவிட்டது. பெரியவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். கழற்ற ரொம்ப நேரம் ஆனது. நிமிர்ந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. "நல்லா வளர்ந்துட்டா" என்றாள்.

இன்னும் இரண்டு வருஷம் போனது. ஒருநாள் தச்சர் தனியாக இல்லத்துக்கு வந்தார். பை அத்தை அவரை உட்காரவைத்துவிட்டுப் பெரியவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். எழுந்து போகலாம் என்று பார்த்தால், தச்சர் கண்ணாலேயே இருக்கச் சொன்னார்.

"வந்துடும்மா" என்றார் தச்சர். "வீட்ல அவதான் அனுப்பினா. இப்ப எல்லாம் பழகிடுச்சு. அவளுக்கும் பயம் போயிடுச்சு. உன் இடம் அந்த மேசையில அப்படியேதான் இருக்கு. நான் யாரையும் உட்கார விடலை."

அப்போது அவளுக்குப் பதினேழு. சரி என்று சொல்லிவிடு கண்ணு, சொல்லிவிடு என்று பை அத்தைக்கு மனசு அடித்துக்கொண்டது.

"இல்லைப்பா" என்றாள் பெரியவள். அவரை முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டாள். "அவங்களுக்கு இப்ப ஒரு அம்மா இருக்காங்க. நான் வந்தா எனக்கே தெரியாம மறுபடியும் ஆரம்பிச்சுடுவேன். எனக்கு வேற எதுவும் தெரியாது."

தச்சர் எழுந்தார். போகும்போது அவள் தலையில் கையை வைத்தார். பை அத்தை தலைவியின் அறைக்குப் போய், இனிமேல் வீடு தேடும் வேலை தன்னால் ஆகாது என்றாள். இல்லத்திலேயே சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வாங்கிக்கொண்டாள். பையையும் மாட்டிக்கொள்வதில்லை. ஆனாலும் பிள்ளைகள் பெயரை மாற்றவில்லை.

பெரியவள் இப்போது ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். பெண்கள் விடுதியில் இருக்கிறாள். இரட்டையர்கள் மீசை முளைத்த ஆட்களாகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே சைக்கிளில் இரண்டு பேரும் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். வாயாடி போனில் மணிக்கணக்காகப் பேசுவாள். பொடிசு பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால், "பெரியக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று மரியாதையாக விசாரித்துவிட்டு மார்க்கைச் சொல்லும். ஐந்து பேரும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டு வளர்கிறார்கள். நன்றாகத்தான் வளர்கிறார்கள்.

பை அத்தையும் அண்ணியும் அவ்வப்போது சலவைப் பிரிவுக்குப் போவார்கள். அண்ணி ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பாள். பழைய பேச்சை யாரும் எடுப்பதில்லை. அங்கே வேலை செய்கிற இன்னொருத்தி தன் கைக்குழந்தையையும் கூடவே கொண்டுவருவாள். வேலை மும்முரத்தில் ஒரு நிமிஷம் பிடியேன் என்று பெரியவளிடம் குழந்தையை நீட்டுவாள். எப்போது நீட்டினாலும் பெரியவள், "கை ஈரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைப் பிரிக்கப் போய்விடுவாள்.